லாயிட் வார்த்த தாடைகள்

மௌரீனுக்கு முதன்முதலாக ஏழாம் வகுப்பு அறிவியல் கொடுத்தபோது அவளிடம் ஒரு பாடப்புத்தகமும் ஒரு சாக்பீஸும்தான் இருந்தன. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ரயில் பாதையை ஒட்டி இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் லேப் என்று போர்டு மாட்டிய அறை ஒன்று உண்டு. உள்ளே உடைந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். புதைபடிவங்களைப் பற்றிய பாடத்தில் ஒரு கடல் நத்தை ஓட்டின் படம் கறுப்பு மை அப்பி அச்சாகியிருந்தது. அது நத்தையா, கருகிப்போன ஜாங்கிரியா என்று பிள்ளைகளுக்குள் ஒரே சண்டை.

"மிஸ், நீங்க நிஜமா ஃபாசில் பார்த்திருக்கீங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

மௌரீன் பார்த்ததில்லை. பெங்களூரில் பிறந்து பெங்களூரிலேயே வளர்ந்தவள் அவள். இந்த ஊர்ப் பாறையில் தேடினாலும் கிடைக்காது. அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளை பஸ்ஸில் லால்பாக் கூட்டிப்போய் அங்கிருக்கும் பெரிய பாறைமேல் ஏற்றிவிட்டாள். சோனியா என்ற பெண் குனிந்து குனிந்து தேடி, "கிடைச்சிருச்சு மிஸ்!" என்று கத்தினாள். போய்ப் பார்த்தால் யாரோ துப்பிய வெற்றிலை எச்சில் காய்ந்து கிடந்தது. சிரித்து ஓய்ந்த பிறகு மௌரீன் சொன்னாள்: "இந்தப் பாறை உண்டானப்போ உலகத்துல மீனும் இல்ல, நத்தையும் இல்ல, ஒரு புல்லுகூட இல்ல. படியறதுக்கு எந்த உடம்பும் இல்லாத காலம்." பிள்ளைகள் உட்கார்ந்திருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார்கள்.

அன்று மாலை வீட்டில் புலம்பினாள். "கையில குடுத்துத் தொட வைக்க ஒண்ணும் இல்லைங்க. வெறும் வாயால எவ்வளவு நேரம் சொல்றது?"

அவள் கணவன் லாயிட் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தான். ஃப்ரேசர் டவுனில் பல் செட் செய்யும் லேப் ஒன்றில் அவனுக்கு வேலை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அழுத்தி எடுத்த அச்சு அங்கே வரும். அதில் பிளாஸ்டர் ஊற்றி, ஈறும் தாடையும் வார்த்து, அதன்மேல் மெழுகில் பல் அடுக்குவான். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டை எடுத்துக் கொடுக்கும்போது மட்டும் அந்த ஒல்லி உடம்பிலிருந்து ஒரு குரல் கிளம்பும். பின்வரிசையில் தூங்கி வழியும் குழந்தைகூட எழுந்துவிடும்.

"களிமண்ணுல சிப்பியை அழுத்தி எடுத்தா அச்சு வரும். அச்சுல பிளாஸ்டர் ஊத்தினா சிப்பி வரும். மண்ணுக்குள்ள நடந்ததும் அதானே? நான் தினம் பண்றதும் அதான்," என்றான்.

மௌரீன் கத்தோலிக்க வீட்டுப் பெண். சின்ன வயதில் வேளாங்கண்ணி போனபோதெல்லாம் பொறுக்கி வந்த சிப்பிகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. பாட்டரி டவுனில் குயவர் வீட்டிலிருந்து லாயிட் களிமண் வாங்கி வந்தான். அந்த வாரம் ஏழாம் வகுப்பு முழுக்கச் சேறு. ஆளுக்கொரு பேப்பர் கப், ஆளுக்கொரு சிப்பி. பிளாஸ்டர் இறுகும்போது கப்பு சுடும் என்று அவள் சொல்லியிருக்கவில்லை. "மிஸ், சூடாகுது, உயிர் வந்துருச்சு!" என்று ஒருவன் அலறினான். மறுநாள் மண்ணை உதிர்த்துவிட்டு வெள்ளைச் சிப்பியை வெளியே எடுத்தபோது அவர்கள் முகம் இருந்த இருப்பை மௌரீன் இன்றைக்கும் மறக்கவில்லை. சிப்பி இல்லை, சிப்பி இருந்த இடம்தான் மிச்சம். அந்த இடத்தைக் கல் நிரப்பிக்கொள்கிறது என்று அவள் விளக்கவே தேவையிருக்கவில்லை. தங்கள் கையாலேயே செய்துவிட்டார்கள்.

தாடைகள் அதற்குப் பிறகு வந்தன. உயிரினங்களை வகைப்படுத்தும் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிறு தலைக்கறி வாங்கி வந்த லாயிட், சாப்பாடு முடிந்ததும் ஆட்டின் தாடையைத் தூக்கி எறியாமல் சோடா போட்டு வேகவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் காயவைத்தான். பிறகு அச்சு எடுத்து பிளாஸ்டரில் வார்த்தான். ரயில் பாதையோரம் கிடந்த நாயின் மண்டை ஓட்டை ஒரு செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தான். மனிதத் தாடைக்குப் பஞ்சமே இல்லை. லேபில் வேண்டாமென்று ஒதுக்கியவை ஒரு பெட்டி நிறைய இருந்தன. "இது ஒரு ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர். இது சிவாஜிநகர்ல பாத்திரக் கடை வச்சிருக்கற அம்மா," என்று ஒவ்வொன்றையும் அறிமுகம் செய்து வைத்தான்.

பிள்ளைகள் மூன்றையும் மேசையில் வைத்து விரலால் தடவினார்கள். ஆட்டுக்கு மேல்வாயில் முன்பல்லே இல்லை என்பதைக் கண்டுபிடித்துவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் கட்டியிருந்த ஆட்டின் வாயைப் பிடித்துத் திறந்து பார்த்து முட்டு வாங்கியவனும் உண்டு. எது எதைத் தின்னும், எது எதற்குச் சொந்தம், எதையெல்லாம் ஒரே குழுவில் வைக்கலாம் என்று அவர்களே பிரித்தார்கள், சண்டை போட்டார்கள், மறுபடி மாற்றி வைத்தார்கள். இருக்கும் இடத்திலேயே உட்கார்ந்து அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் மௌரீனுக்கு அந்த வேலையிலேயே பிடித்தமான நேரம்.

இத்தனையும் செய்து கொடுத்த லாயிட் அந்தப் பாடத்தை நம்பவில்லை. ஒருமுறை அவள் புத்தகத்தை வாங்கிப் பரிணாமம் என்ற பகுதியைக் கடைசிவரை படித்துவிட்டு மூடினான்.

"இதை நான் ஒத்துக்க மாட்டேன், மௌரீன். கர்த்தர் ஆறு நாள்ல உண்டாக்கினார். அவ்வளவுதான்."

"அவருக்கு என்னங்க அவசரம்? மெதுவா பண்ணியிருக்கக் கூடாதா?"

லாயிட் சிரித்துவிட்டான். பேச்சு அதோடு முடிந்தது. சண்டை என்று வந்தது ஒரே ஒருமுறைதான். நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகத்தில் பல லட்சம் வருஷங்களுக்கு முன்னால் வாழ்ந்த ஆதி மனிதன் ஒருவனின் கீழ்த்தாடைப் படம் இருந்தது. முன்னாலிருந்து, பக்கத்திலிருந்து, மேலிருந்து எடுத்த படங்கள். அதைப் பார்த்து ஒன்று செய்து தரச் சொல்லிக் கேட்டாள்.

"ஆடு, நாயி, மனுசன், எல்லாம் அவர் உண்டாக்கினது. செஞ்சு குடுத்தேன். இது வேணாம்."

"படத்துல இருக்கறதைத்தானே செய்யச் சொல்றேன்?"

"என் கையால வேணாம்னு சொல்றேன் இல்ல!" என்று குரலை உயர்த்தினான். பாடும்போது தவிர அந்தக் குரல் உயர்ந்து மௌரீன் கேட்டதே இல்லை. புத்தகத்தை மூடி உள்ளே வைத்துவிட்டாள். ஆனாலும் அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அந்த வருஷமே பிரச்சினையும் வந்தது. அவள் வகுப்புப் பெண் ஒருத்தி வீட்டில் போய், வௌவால் சிறகிலும் நம் கையிலும் இருப்பது ஒரே மாதிரி எலும்பு, ஏனென்றால் எல்லோருக்கும் பழைய காலத்தில் ஒரே பாட்டன் என்று சொல்லியிருக்கிறாள். அந்தத் தாய் லாயிட் போகிற சபையைச் சேர்ந்தவள். ஞாயிறு பிற்பகல் சபை மூப்பர் ஆசீர்வாதம் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான். கல்யாணமானதும் குடியிருக்க வீடு பார்த்துக் கொடுத்ததே அவர்.

"பிரதர், சிஸ்டர் ஸ்கூல்ல என்ன நடத்தறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் ஐயா."

"பிள்ளைங்க மனசு கெட்டுப் போகுதுன்னு சொல்றாங்க. நீங்க எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"சொல்லிட்டேன் ஐயா. அவங்க கேக்கல," என்றான் லாயிட். சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்த மௌரீனுக்கு அவன் விளையாட்டாகச் சொல்கிறானா, வருத்தமாகச் சொல்கிறானா என்று புரியவில்லை. மூப்பர் ஜெபம் பண்ணிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

பள்ளியில் தலைமையாசிரியை வித்யாலட்சுமி கூப்பிட்டு அனுப்பினார். "மௌரீன், நாலஞ்சு பேரன்ட்ஸ் வந்து பேசிட்டுப் போனாங்க. எனக்கு இதுல ஒண்ணும் இல்ல. ஆனா சின்ன ஸ்கூல், பார்த்துக்கோங்க. அந்தச் சாப்டரை அவங்களே படிச்சுக்கட்டும்னு விட்டுடுங்களேன்."

மௌரீன் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து தாடைகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். லாயிட் வாசலில் நின்று பார்த்தான்.

"ஏன் உள்ள வக்கிற?"

"நடத்த வேணாம்னுட்டாங்க."

"ஆட்டுப் பல்லையுமா?"

"எல்லாத்தையும்தான்."

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். மௌரீன் ஆசிரியர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கதவோரம் யாரோ அட்டைப்பெட்டியோடு நிற்கிறார்களே என்று திரும்பினாள். லேபுக்கு லீவு போட்டுவிட்டு லாயிட் வந்திருந்தான். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தான். பேசலாமா என்று வித்யாலட்சுமியிடம் கேட்டுவிட்டு மேசையில் பெட்டியை வைத்தான்.

"என் பேரு லாயிட். மௌரீன் மிஸ்ஸோட வீட்டுக்காரர். பல்லு லேபுல வேலை பண்றேன். எனக்குப் பேச வராது, மன்னிச்சுக்கங்க." பெட்டியைத் திறந்தான். "மிஸ் நடத்தற பாடத்தை நான் ஒத்துக்கறது இல்ல. அவங்களுக்கும் அது தெரியும். அதுக்காக எங்க வீட்டுல சோறு ஆக்காம இல்ல."

யாரோ சிரித்தார்கள். அவன் ஆட்டுத் தாடையை எடுத்து முன்வரிசையில் இருந்த தாயிடம் நீட்டினான். வௌவாலைப் பற்றிச் சொன்ன பெண்ணின் தாய் அவள்.

"இதுக்கு மேல்வாயில முன்பல்லு இல்ல, தொட்டுப் பாருங்க சிஸ்டர். இதை நானும் உண்டாக்கல, மிஸ்ஸும் உண்டாக்கல. பிள்ளைங்க தொட்டுப் பாக்குது. ஏன் இல்லன்னு கேக்குது. கேக்கறதுல என்னங்க தப்பு? மிஸ் ஒரு பதில் சொல்லுவாங்க. அது பிடிக்கலைன்னா வீட்டுல நம்ம பதிலை நாம சொல்லிக்கலாம். நானும் வீட்டுல அதைத்தான் பண்றேன். ஆனா பாக்கவே கூடாதுன்னு எடுத்து ஒளிச்சு வைக்கறது... அது எனக்குச் சரியாப் படல."

அவ்வளவுதான். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய்விட்டான். மௌரீன் பின்னாலேயே ஓடினாள். கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்ய முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தான். அவள் அவன் காலரைச் சரிசெய்துவிட்டு உள்ளே வந்தாள்.

இதனால் எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டன. மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். வித்யாலட்சுமி, பாடம் நடக்கும்போது தானும் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்வதாகச் சொல்லி, ஒருநாள் வந்து உட்கார்ந்து, நாய்த் தாடையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, மறுநாள் வரவில்லை. பாடம் நடந்தது. அதற்குப் பின் வருஷம் தவறாமல் நடந்தது.

வீட்டில் ஒரு மாற்றம் மட்டும் வந்தது. லாயிட் சபையில் பாட்டு எடுத்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டான். கேட்டால், "தொண்டை சரியில்ல," என்றான். மௌரீன் மிளகுப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். ஆடாதோடை இலைக் கஷாயம் வைத்தாள். டாக்டரிடம் வரமாட்டேன் என்றான். பின்வரிசையில் போய் உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து மெல்ல வாயசைப்பான். பிளாஸ்டர் தூசி உள்ளே போய்த்தான் குரல் கெட்டுவிட்டது போல என்று அவளும் நம்பிவிட்டாள்.

பல வருஷம் கழித்து ஒரு கல்யாண ரிசப்ஷனில்தான் விஷயம் தெரிந்தது. சபையில் கிடார் வாசிக்கும் ஆஷ்லி, சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணன் பாடாம போனது எங்களுக்கெல்லாம் ரொம்ப வருத்தம் அக்கா. அன்னிக்கி ஸ்கூல்ல அப்படிப் பேசினவர் முன்னால நின்னு பாட்டு நடத்தக் கூடாதுன்னு மூப்பருங்க சேர்ந்து முடிவு பண்ணிட்டாங்க. அண்ணன் ஒரு வார்த்தை சொல்லல," என்றான். அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னான்.

மௌரீனால் அதற்குமேல் சாப்பிட முடியவில்லை. திரும்பும்போது ஸ்கூட்டரில் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"வண்டி ஓட்டும்போது பேசாத."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மறுபடி கேட்டாள். அழுகை வந்துவிட்டது. "எனக்காகத்தானே இப்படி ஆச்சு? தெரிஞ்சிருந்தா நான் அந்தப் பாடத்தையே விட்டிருப்பேனே!"

"அதான் சொல்லல," என்றான் லாயிட். பிறகு அவனாகவே, "பாட்டுக்கு மைக்கு வேணுமா என்ன? நான் பாட்டுக்கு வேலை பண்ணும்போது பாடிக்கறேன்," என்றான். உண்மைதான். பின்கட்டில் உட்கார்ந்து பிளாஸ்டரைத் தேய்க்கும்போதெல்லாம் அவன் பாடிக்கொண்டுதான் இருந்தான். கெட்டுப்போன தொண்டையில் அது எப்படி வருகிறது என்று இத்தனை வருஷமும் அவளுக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

கொரோனா வந்து ஊர் அடங்கியபோது லேபையும் மூடிவிட்டார்கள். மௌரீன் போனில் பாடம் எடுத்தாள். பிள்ளைகளின் முகங்கள் சின்னச் சின்னக் கட்டங்களில் வந்து வந்து போயின. பாதிப் பேர் வரவே இல்லை; வீட்டில் போன் ஒன்றுதான். ஒருநாள் தாடைகளை போன் முன்னால் பிடித்துக் காட்டினாள். "மிஸ், மங்கலா தெரியுது மிஸ்," என்றான் சஞ்சய் என்ற பையன். அவள் பாடத்தை முடித்துவிட்டு மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். லாயிட் வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"அந்தப் படம் எங்க வச்சிருக்க?"

"எந்தப் படம்?"

"நான் செய்ய மாட்டேன்னேனே, அது."

ஜெராக்ஸ் தாள்களைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். வீட்டில் மீதமிருந்த மெழுகுப் பலகைகளை உருக்கி, படத்தைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையிலேயே செதுக்க ஆரம்பித்தான். அந்தச் சின்னக் கத்தியை அவன் பிடிக்கிற விதத்தை அவள் அதுவரை உட்கார்ந்து கவனித்ததே இல்லை. தெருவில் ஒரு சத்தம் இல்லை. ரயிலும் ஓடவில்லை. அவன் பாடிக்கொண்டே செதுக்குவான். அவள் பக்கத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். கல்யாணமானதிலிருந்து அத்தனை நாட்கள் சேர்ந்தாற்போல் இருவரும் வீட்டில் இருந்ததே இல்லை. இன்றைக்கு நினைத்தால், ஊரே பயந்து நடுங்கிய அந்தக் காலம்தான் தன் வாழ்க்கையிலேயே நிம்மதியான காலம் என்று மௌரீனுக்குத் தோன்றும். வெளியே சொன்னால் தப்பாக நினைப்பார்கள் என்று சொல்வதில்லை.

"இப்போ நம்பறீங்களா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"இல்ல."

"அப்புறம்?"

அவன் படத்தின் ஒரு மூலையைக் கத்தி முனையால் காட்டினான். "இங்க பாரு. இந்தப் பக்கக் கடைவாய்ப்பல்லு தேஞ்சு பள்ளமாயிருக்கு. அந்தப் பக்கம் அவ்வளவு தேயல. இடது பக்கமே மென்னிருக்கான். வலது பக்கம் கடிக்க முடியாத வலி இருந்திருக்கும். பல் டாக்டரா, ஒண்ணா அந்தக் காலத்துல? பாவம், எப்படித் தூங்கினானோ." கொஞ்ச நேரம் செதுக்கினான். "எப்போ இருந்தான், எங்கேர்ந்து வந்தான்னு எனக்குத் தெரியாது. இருந்திருக்கான். வலிச்சிருக்கு. அதைச் சரியாச் செய்யணும் இல்ல?"

தேய்ந்த பல்லையும் தேயாத பல்லையும் படத்தில் உள்ளபடியே மெழுகில் கொண்டுவந்து, அச்சு எடுத்து, பிளாஸ்டரில் வார்த்தான். காய்ந்ததும் காப்பித்தண்ணீரைப் பூசிப் பழுப்பாக்கினான். நிழலில் வைத்துப் பார்த்தால் மண்ணிலிருந்து எடுத்த எலும்பேதான்.

அதைப் பள்ளியில் பிள்ளைகள் பார்த்த வருஷம் லாயிட் இல்லை. மறுபடி திறந்த லேபுக்குக் கிளம்பிப் போன ஒரு காலை, வேலை மேசையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். அடக்கத்துக்கு ஆசீர்வாதம் மூப்பர் வந்திருந்தார். நன்றாகத் தளர்ந்துபோயிருந்தார். மௌரீன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "நான் வாய் திறந்து ஜெபம் பண்றேனே சிஸ்டர், இந்தப் பல்லு செட்டு பிரதர் பண்ணிக் குடுத்தது. லேபுக்குப் போய் நின்னேன். ஒரு முகச்சுளிப்பு இல்ல. மூணு தடவை கூப்பிட்டு உக்கார வச்சுச் சரி பண்ணினார்," என்றார். மௌரீனுக்கு அவர்மேல் கோபப்படத் தெரியவில்லை.

அவளுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. வருகிற மார்ச்சில் ஓய்வு. பிளாஸ்டர் கலக்குகிற பதத்தை மமதா என்ற இளம் ஆசிரியைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். தாடைகள் பள்ளிக்கூடத்திலேயே இருக்கட்டும் என்றும் முடிவு செய்துவிட்டாள். லாயிட் போன பிறகு அவளைத் தம்பிபோலப் பார்த்துக்கொள்ளும் ஆஷ்லிகூட, "அண்ணன் செஞ்சதாவது வீட்டுல இருக்கட்டுமே அக்கா," என்றான். அலமாரிக்குள் வைத்து என்ன செய்வது என்று கேட்டுவிட்டாள்.

இந்த வருஷத்துப் பாடம் போன வாரம் நடந்தது. பழுப்புத் தாடையை மேசை நடுவில் வைத்து, பக்கத்தில் போஸ்ட் மாஸ்டரின் தாடையையும் வைத்து, என்ன வித்தியாசம் என்று கேட்டாள். பெரிய பல், தடித்த எலும்பு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கடைசியில் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, "மிஸ், இவருக்கு முகவாயே இல்ல!" என்றாள். அடுத்த நொடி வகுப்பில் இருந்த அத்தனை பேரும் தங்கள் முகவாயைப் பிடித்துப் பார்த்தார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவர் முகவாயைப் பிடித்துப் பார்த்தார்கள். ஒருவன் எழுந்து வந்து, "மிஸ், உங்களுக்கு இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு, இருக்கு," என்று சிரித்தாள் மௌரீன்.

"இதை யாரு மிஸ் செஞ்சது?"

"எங்க வீட்டுக்காரர்."

"அவரு சயின்டிஸ்டா?"

"இல்லப்பா. பல்லு கட்டறவர்."

பையன் அதைக் கேட்டு ஏமாந்துபோனதாகத் தெரியவில்லை. தாடையை இரண்டு கையாலும் தூக்கி, பல் பல்லாக விரலை ஓட்டிக்கொண்டே போய், கடைவாயில் ஒரு இடத்தில் நிறுத்தித் திரும்பவும் தடவினான். என்ன கண்டுபிடித்தான் என்று அவள் கேட்கவில்லை. அவனுக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. அவன் நிதானமாகப் பார்த்து முடிக்கட்டும் என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.